பின்னணியத்தில் ஒரு பீரங்கி: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், விட்டுப்போன தேவாலயத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேவாலயத்தை விட்டுவிட்டுக் கப்பலைப் பிடித்துக்கொண்டன. அதற்குக் காரணம் முதல் கடிதத்தில் இருக்கும் படம்தான். அந்தக் கடிதத்தின் நகல் வாசகர் வட்டத்தில் சுற்றி, ஒவ்வொருவரும் ஒரு கேள்வி அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த முறை எல்லாமே இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடல் சமாச்சாரம்.

நாகப்பட்டினம் வாசகர்: எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாள் கிடைத்தது. அதில் டச்சு சரக்குக் கப்பல் ஒன்றின் படம். பின்பக்கம் மேடை கட்டி ஒரு பீரங்கி வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் நடுவே கொடி கட்டிச் சட்டை காயப்போட்டிருக்கிறது. சரக்கு ஏற்றும் கப்பலுக்கு எதற்குப் பீரங்கி? அதுவும் ஏன் பின்னால்?

முதலில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள் ஐயா, பரணில் மறுபடி போட்டுவிடாதீர்கள், பூச்சி விடாது.

பீரங்கி பின்னால் இருப்பதற்குக் காரணம் சட்டம். சரக்குக் கப்பல் தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், தாக்குவதற்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கடல் வழக்கில் ஒரு கோடு இருந்தது. முன்பக்கம், அதாவது நம் கடற்கரையில் அணியம் என்கிறோமே, அங்கே பீரங்கி வைத்தால் துரத்திப் போய்ச் சுடுகிற கப்பல் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட கப்பலை நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் போர்க்கப்பலாக நடத்தி, 24 மணி நேரத்தில் கிளம்பு என்று சொல்ல இடமுண்டு. பின்னணியத்தில் வைத்தால் ஓடும்போது துரத்தி வருகிறவனைச் சுடுவதற்கு மட்டும்தான் பயன்படும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இந்த வழக்கம்தான் அப்படியே தொடர்ந்தது. போர் முற்ற முற்ற விமானத்தைச் சுடும் சிறிய துப்பாக்கிகள் முன்னால், பக்கவாட்டில், மேல்தளத்தில் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டன.

உங்கள் படத்தில் இருப்பது பெரும்பாலும் நான்கு அங்குலப் பீரங்கியாக இருக்கும். நிறைய கப்பல்களுக்குக் கிடைத்தவை முதல் உலகப் போர்க் காலத்துக் கிடங்குச் சரக்குதான், அதைச் சுட்ட பையன்களைவிட வயதில் மூத்தவை. குண்டு ஒன்று 14 கிலோ, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்குகிற கனம், அதை ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டு கைமாற்றிக் கைமாற்றி ஏற்ற வேண்டும். இந்தப் பீரங்கி நீர்மூழ்கிக்குப் பயம் காட்டத்தான். மேலே மிதந்து வந்து சாவகாசமாகப் பீரங்கியால் சுட்டு மூழ்கடிப்பது நீர்மூழ்கிக்கு மலிவான வழி, தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கிற டார்பிடோ விலை அதிகம், எண்ணிக்கையும் குறைவு. சரக்குக் கப்பலில் பீரங்கி இருக்கிறது என்றால் அவன் தண்ணீருக்குள்ளேயே இருந்தாக வேண்டும், தண்ணீருக்குள் அவன் வேகம் பாதிகூட இல்லை. ஒரு குண்டும் சுடாமலே பீரங்கி வேலை செய்கிற இடம் இதுதான்.

மற்றபடி ஓர்லிகான் என்ற 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி, லூயிஸ், ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், கப்பலுக்கு மேலே கம்பியோடு குடை விரிக்கும் ராக்கெட், கப்பலின் நீராவியிலேயே கையெறி குண்டை மேலே உந்தித் தள்ளுகிற ஒரு குழல் என்று கிடைத்ததையெல்லாம் பொருத்தினார்கள். காந்தக் கண்ணிவெடிக்கு எதிராக உடலைச் சுற்றி மின்கம்பி ஓட்டினார்கள். கப்பலை ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேல்தட்டைச் சுற்றிக் கான்கிரீட் பலகை அடுக்கினார்கள்.

சட்டை காயப்போட்ட கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அதுதான். அந்த இடம் அவர்களுக்கு வீடு.

திருத்துறைப்பூண்டி வாசகர்: அந்தப் பீரங்கியை யார் சுட்டார்கள்? கடற்படை வீரர்களா?

கொஞ்சம் பேர் அப்படித்தான். டச்சுக் கப்பல்களில் டச்சு கடற்படை ஆட்களும், பிரிட்டிஷ் கடற்படை, பீரங்கிப் படை ஆட்களும் கலந்து இரண்டு மூன்று பேரோ, பெரிய கப்பலானால் பத்துப் பேரோ ஏறினார்கள். மிச்சக் கைகள் எல்லாம் கப்பல் தொழிலாளிகளுடையவை. சில நாள் பயிற்சி கொடுத்து ஒரு சான்றிதழ் தருவார்கள், அவ்வளவுதான். அபாய மணி அடித்தால் சமையற்காரர் கரண்டியை வைத்துவிட்டுக் கிடங்கிலிருந்து குண்டு எடுத்துக் கொடுக்கப் போவார், சாப்பாடு பரிமாறுகிற பையன் துப்பாக்கிக்குத் தோட்டாத் தட்டு மாற்றுவான். சண்டை முடிந்ததும் அதே ஆள் வந்து அடுப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறைக்காரர்களுக்குப் பசிக்கும்.

மயிலாடுதுறை வாசகர்: நெதர்லாந்தை 1940-லேயே ஜெர்மனி பிடித்துவிட்டதே. நாடே இல்லாமல் டச்சுக் கப்பல் எப்படி ஓடியது?

நல்ல கேள்வி. போர் தொடங்கிய முதல் எட்டு மாதம் நெதர்லாந்து நடுநிலை. அப்போது அவர்கள் கப்பலின் இரண்டு பக்கமும் ‘ஹாலந்து’ என்று ஆள் உயரத்துக்கு மேல் எழுதி, கொடியைப் பெரிதாகத் தீட்டி, இரவில் அதன்மேல் விளக்கும் போட்டு ஓட்டினார்கள், நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை என்று தெரியட்டும் என்று. கண்ணிவெடிக்குப் படிக்கத் தெரியாது. 1939 நவம்பர் 18-இல் ‘சிமோன் பொலிவார்’ என்ற பயணிகள் கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது, குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள்.

1940 மே 10-இல் ஜெர்மனி நுழைந்தது, ஐந்து நாளில் கதை முடிந்தது. அரசி வில்ஹெல்மினாவும் அமைச்சர்களும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் டச்சு வணிகக் கப்பல்களில் பெரும்பகுதி உலகக் கடல்களில் எங்கெங்கோ இருந்தது. லண்டன் அரசு அவற்றையெல்லாம் தன் பொறுப்பில் எடுத்து, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு குழு வைத்து நிர்வாகம் செய்தது. ஊரை இழந்த அரசுக்கு மிச்சமிருந்த பெரிய சொத்து இந்தக் கப்பல்கள்தான். அதனாலேயே டச்சு மாலுமிகளுக்குக் கட்டாயக் கப்பல் பணி என்று ஆணை வந்தது. பட்டாளக்காரன் சீருடை இல்லை, ஆனால் இறங்கிப் போகவும் முடியாது.

இதில் என் மனதை அறுப்பது வேறு விஷயம். கப்பலில் இருந்தவனின் மனைவியும் பிள்ளைகளும் ராட்டர்டாமிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஜெர்மானியர் பிடியில். ஐந்து வருடம். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொல்லுக்குள் ஒரு தாள் அனுப்பலாம், அது போய்ச் சேரப் பல மாதம் ஆகும். ஐந்து வருடத்தையும் 25 சொல் 25 சொல்லாகத்தான் பேசிக்கொண்டார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளையிடம் தினமும் வீடியோவில் பேசிவிட்டும் தூக்கம் வராமல் படுத்திருக்கிற தாய்மார் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபோது அந்தக் கப்பல்களில் ஏறத்தாழப் பாதி கடலுக்குள் போயிருந்தது, செத்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல்.

கும்பகோணம் வாசகி: சண்டை தினமும் நடந்திருக்காது. மற்ற நாட்களில் என்ன வேலை? பொழுது எப்படிப் போகும்?

அம்மா, பொழுது போவதற்கே இடமில்லை. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம், இதுதான் கப்பல் முறை. போர்க்காலத்தில் அந்த எட்டு மணி நேரத்தில் கண்காணிப்பு, பீரங்கிப் பயிற்சி, படகு இறக்கும் பயிற்சி எல்லாம் நுழைந்துவிடும். மேல்தளத்து ஆட்களுக்குக் குளிர், காற்று. கீழே நிலைமை வேறு. பழைய நீராவிக் கப்பல்களில் கரி அள்ளிப் போடுகிறவர்கள் பாய்லர் வாய்க்கு முன்னால் நின்று, ஒரு முறைக்குள் டன் கணக்கில் கரியைத் தள்ள வேண்டும், சாம்பலை வாரி வெளியே எடுக்க வேண்டும். கரிக் கிடங்கிலிருந்து வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிறவன் ஒருத்தன், அவனுக்குக் கப்பலிலேயே மிகக் குறைந்த சம்பளம். நெல் அவிக்கும் ஆலையில் உமி அடுப்பு முன்னால் நின்றவர்களுக்கு அந்தச் சூட்டில் கொஞ்சம் தெரியும். டார்பிடோ அடிக்கிற இடமும் பெரும்பாலும் அந்த ஆழம்தான். இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நெருப்பு, மேலே வர ஒரே ஏணி. கீழே வேலை பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் இதை யோசித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்கள்.

கரும்புகை விட்டால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும் என்பதால் நெருப்பைப் பக்குவமாகக் காக்க வேண்டும். குப்பையைப் பகலில் கொட்டக் கூடாது, மிதக்கிற காய்கறித் தோலைப் பார்த்து எதிரி தடம் பிடித்து வந்துவிடுவான். இரவில் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது, மேல்தளத்தில் பீடி சிகரெட் கிடையாது. தனியாகப் போகிற கப்பல் நேராகப் போகாமல் கடிகாரம் பார்த்துப் பார்த்து வளைந்து வளைந்து போகும். அட்லாண்டிக்கில் கூட்டமாகப் போகும்போது நாற்பது ஐம்பது கப்பல் வரிசை கட்டி, விளக்கில்லாமல், ஒன்றோடொன்று மோதாமல், அதில் இருப்பதிலேயே மெதுவான கப்பலின் வேகத்துக்கு எல்லோரும் போக வேண்டும். மணிக்கு ஏழெட்டுக் கடல் மைல். நம் சைக்கிள் வேகம். அந்த வேகத்தில் பத்துப் பதினைந்து நாள் கடலைக் கடந்தார்கள்.

படுக்கும்போதும் சட்டையோடு படுப்பது, மிதவை அங்கியைத் தலைமாட்டில் வைப்பது, இதெல்லாம் பழகிவிடும். கிடங்கில் என்ன சரக்கு என்பதைப் பொறுத்துத் தூக்கமும் மாறும். மரம் ஏற்றிய கப்பல் மெதுவாக மூழ்கும், இரும்புத் தாது ஏற்றியது ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும், வெடிமருந்தானால் நேரமே இல்லை.

நாகூர் வாசகர்: இந்தப் போர் நம் வங்காள விரிகுடாவுக்கு வந்ததா? எம்டன் கதை மட்டும்தானே நமக்குத் தெரியும்?

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914-இல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது, பேரும் பேச்சில் நின்றுவிட்டது. ஆனால் 1942 ஏப்ரலில் நடந்தது அதைவிடப் பலமடங்கு பெரிது. ஜப்பான் விமானந்தாங்கிக் கப்பல்கள் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. நடுவே 6-ஆம் தேதி இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவு நம் கடலில் இருபதுக்குக் குறையாத வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையே காலியானது, அங்கிருந்த சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு தஞ்சாவூர்ப் பக்கம் வந்து இறங்கியதைச் சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள்.

அந்த வேட்டையில் போனவற்றில் ‘பட்டாவியா’, ‘பான்யுவாங்கி’, ‘வான் டெர் கப்பெல்லன்’ என்ற டச்சுக் கப்பல்களும் உண்டு. முதல் இரண்டும் ஜாவாத் தீவு ஊர்களின் பெயர். ஒரு மாதத்துக்கு முன்புதான் ஜாவா ஜப்பானிடம் விழுந்திருந்தது. ஒல்லாந்தர் 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1690-இல் சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமை இடமாக்கி, 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்கள் துணி ஏற்றிக்கொண்டு பட்டாவியாவுக்குப் போன அதே கடலில், பட்டாவியா என்ற பெயரே மூழ்கிப்போனது.

நம் ஊர்க் கப்பல் ஒன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலாவை எல்லோருக்கும் தெரியும், என் பெரியப்பாவும் அதில் பினாங்கு போனவர்தான், நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, வெளியே நிற்கும், படகில் போய் அலை மேலே தூக்குகிற நேரம் பார்த்து ஏணியில் தாவ வேண்டும் என்பார். ரஜூலாவுக்கு ரோனா என்று ஒரு சகோதரிக் கப்பல் இருந்தது, இரண்டும் 1926-இல் கட்டியவை. ரோனாவைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியாவுக்கு அருகே, ஜெர்மன் விமானத்திலிருந்து வானொலியால் இயக்கிய குண்டு ஒன்று அதை அடித்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். கப்பலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் பலர் திரும்பவில்லை.

அதிராம்பட்டினம் வாசகர்: பின்பக்கப் பீரங்கியை வைத்துக்கொண்டு உண்மையிலேயே ஜெயித்த கப்பல் ஏதாவது உண்டா?

உண்டு. அதுவும் டச்சுக் கப்பல், கூட நின்றது இந்தியக் கப்பல். எனக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

‘ஒண்டினா’ என்ற எண்ணெய்க் கப்பல், 1939-இல் கட்டியது, 6,341 டன். 1942 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து கிளம்பி, தொட்டி காலியாக, இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியா பக்கம் வந்துகொண்டிருந்தது. பின்னணியத்தில் ஒரே ஒரு நான்கு அங்குலப் பீரங்கி, 32 குண்டு. துணைக்கு அரச இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’, ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் கட்டி முடித்த சின்னக் கப்பல். அதற்கும் நான்கு அங்குலப் பீரங்கிதான் வைத்திருக்க வேண்டும், கிடைக்காததால் மூன்று அங்குலப் பீரங்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள், அதற்கு 40 குண்டு. மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டார்.

நவம்பர் 11, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, நடுக்கடல். எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல், ‘ஹோக்கோக்கு மாரு’, ‘ஐக்கோக்கு மாரு’. இரண்டும் பத்தாயிரம் டன்னுக்கு மேல், 14 சென்டிமீட்டர் பீரங்கிகள், டார்பிடோ, விமானம் எல்லாம் உண்டு. பெங்காலின் தலைவர் வில்சன் ஒண்டினாவை ஓடச் சொல்லிவிட்டு, தன் சின்னக் கப்பலை நேரே எதிரியை நோக்கித் திருப்பினார். ஒண்டினாவின் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மனுக்கு அவர்கள் வேகத்தை மிஞ்ச முடியாது என்று தெரியும். சுடச் சொல்லிவிட்டார்.

இரண்டு கப்பலும் சுட்டதில் ஒரு குண்டு ஹோக்கோக்கு மாருவின் டார்பிடோ வைத்திருந்த இடத்தில் விழுந்தது. தீ பரவிக் கிடங்கு வெடித்து, அந்தப் பத்தாயிரம் டன் கப்பல் மூழ்கியது. குண்டு யாருடையது என்று டச்சுக்காரர்கள் ஒண்டினாவைச் சொல்வார்கள், பிரிட்டிஷ் தரப்பு பெங்காலைச் சொல்லும். என்னைக் கேட்டால் இருவருமே அங்கே நின்றார்கள், அது போதும்.

பெங்காலுக்குக் குண்டு தீர்ந்துபோய், அடியும் பட்டு, புகை மூட்டம் போட்டு விலகியது. ஒண்டினாவிலும் குண்டு தீர்ந்தது. கப்பலை விட்டு இறங்கச் சொல்லி ஆணையிட்ட ஹோர்ஸ்மன் சிதறிய துண்டு பட்டு அங்கேயே செத்தார். ஐக்கோக்கு மாரு இரண்டு டார்பிடோ விட்டது, இரண்டும் பட்டன. அப்புறம் படகில் இருந்தவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. தன் கூட்டாளிக் கப்பலின் ஆட்களைக் காப்பாற்றத் திரும்பிப் போய், வந்து இன்னொரு டார்பிடோ விட்டது, அது தவறியது. ஒண்டினா எப்படியும் மூழ்கிவிடும் என்று நினைத்துப் போய்விட்டது.

அது மூழ்கவில்லை. எண்ணெய்க் கப்பல் உள்ளே தனித்தனித் தொட்டிகளாகத் தடுத்திருக்கும், அவை எல்லாம் காலி. மூடிய வெறுங்குடத்தைக் குளத்தில் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களே, அதேதான். படகில் இருந்தவர்கள் சாய்ந்து நின்ற கப்பலைப் பார்த்தார்கள். சுற்றிலும் நடுக்கடல், காயம்பட்டவர்கள் மடியில். திரும்ப ஏறினார்கள். தீயை அணைத்தார்கள், தண்ணீரை எதிர்ப்பக்கத் தொட்டிக்கு மாற்றிக் கப்பலை நிமிர்த்தினார்கள், இயந்திரத்தைக் கிளப்பினார்கள். ஒரு வாரம் ஓட்டி ஃப்ரீமாண்டிலுக்கே வந்து சேர்ந்தார்கள். அதற்குள் டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்த பெங்கால், ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே நினைத்திருந்தது. ஹோர்ஸ்மனுக்கு டச்சு நாட்டின் மிக உயர்ந்த வீர விருது இறந்தபின் கொடுக்கப்பட்டது.

காரைக்கால் வாசகர்: கப்பல் மூழ்கிய பிறகு கடலில் எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும்?

‘ஸாண்டாம்’ என்ற டச்சுக் கப்பல் 1942 நவம்பர் 2-இல் பிரேசிலுக்கு அப்பால் டார்பிடோ பட்டு மூழ்கியது. ஒரே மிதவைக் கட்டையில் ஐந்து பேர். மழைத் தண்ணீர் பிடித்தார்கள், கையில் சிக்கிய மீனையும் பறவையையும் பச்சையாகத் தின்றார்கள். 83-ஆம் நாள் ஒரு கப்பல் கண்ணில் பட்டபோது மூன்று பேர் இருந்தார்கள், இரண்டு டச்சுக்காரர், ஒருவர் அந்தக் கப்பலின் பீரங்கிக்கு வந்த அமெரிக்கப் பையன்.

திருவாரூர் கல்லூரி மாணவி: டச்சுக் கப்பல் என்றாலும் எல்லோரும் டச்சுக்காரர்களா? ஆசிய ஆட்கள் இருந்தார்களா?

இருந்தார்கள் தங்கச்சி, ஆயிரக்கணக்கில். சீனர்கள், ஜாவாக்காரர்கள், மதுராத் தீவுக்காரர்கள், இந்தியர்கள். ஒண்டினாவிலேயே சீனத் தொழிலாளிகள் இருந்தார்கள். மேலே வெள்ளை அதிகாரி, கீழே ஆசியக் கை, சம்பளமும் அப்படியே பிரிந்திருந்தது. டார்பிடோ மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. நினைவுக் கல் வைக்கும்போது பெயர் தெரிந்தவர்களுக்கு முன்னிடம் கிடைத்தது, பெயரையே சரியாக எழுதி வைக்காத கரித் தொழிலாளிக்கு எங்கே கிடைக்கும்? நீங்கள் வரலாறு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இந்தப் பெயர்களைத் தேடுகிற வேலையை எடுத்துக்கொண்டால் நான் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

அந்த ஆட்கள் வாய் மூடிக் கிடக்கவும் இல்லை. ஜாவா விழுந்தபின் அந்தப் பக்கத்து டச்சுக் கப்பல்களில் பல ஆஸ்திரேலியா போய், நியூகினிச் சண்டைக்குச் சிப்பாயும் சாமானும் சுமந்தன. 1942 டிசம்பரில் ‘கார்சிக்’ என்ற டச்சுக் கப்பல்தான் நியூகினியின் ஓரோ விரிகுடாவுக்கு டாங்கி கொண்டுபோய் இறக்கியது. அது முதலில் ஜெர்மன் கப்பல், சுமாத்திராவில் டச்சுக்காரர்கள் பறிமுதல் செய்தது. போர் முடிந்து, 1945 ஆகஸ்டில் இந்தோனேசியா விடுதலை அறிவித்ததும், அதே ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் அதே டச்சுக் கப்பல்களில் இந்தோனேசியாவை மறுபடி பிடிக்க ஆயுதம் ஏற்றத் தொடங்கினார்கள். இந்தோனேசிய மாலுமிகள் இறங்கிவிட்டார்கள். துறைமுகத் தொழிலாளிகள் சரக்கைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குப் பதிலாக இந்தியர்களை ஏற்றினார்கள், விஷயம் தெரிந்ததும் இந்தியர்களும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டார்கள்.